தறிச் சத்தமும் முதல் மணியும்

ஆயுத பூஜை அன்று ஆரணியின் நெசவுத் தெருக்களில் தறிச் சத்தம் கேட்காது. முதல் நாளே தறியைத் துடைத்து, குழியைக் கூட்டி, மரச் சட்டத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார்கள். நாடாவைத் துடைத்துப் பலகையில் வைப்பார்கள். அதன் பக்கத்திலேயே வீட்டுப் பிள்ளைகளின் பாடப் புத்தகம், நோட்டு, பென்சில் டப்பா. கணக்கில் மதிப்பெண் குறைந்த பிள்ளை கணக்குப் புத்தகத்தைப் பார்த்து அடுக்கின் மேலே வைக்கும். பொரி, கடலை, வாழைப்பழம், கற்பூரம். அன்று புத்தகத்தைத் தொடக்கூடாது என்பது சாஸ்திரம். பிள்ளைகள் தவறாமல் கடைப்பிடிக்கும் ஒரே சாஸ்திரமும் அதுதான்.

மறுநாள் விஜயதசமி. ஒரே பலகையில் இருந்த நாடாவும் புத்தகமும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் வட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகளில் அடுத்த மூன்று மாதம், அதாவது இரண்டாம் பருவம் முழுக்க, அந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகள் நிற்கும் காலம்.

முப்பருவ முறை தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் வந்தது. அதற்கு முன்பு ஜூன் மாதம் வாங்கிய புத்தகமே ஏப்ரல் வரைக்கும். தீபாவளிக்குள் அட்டை போய்விடும். பொங்கலுக்குள் முதல் பாடமும் போய்விடும். இப்போது ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்று, ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒன்று. காலாண்டு விடுமுறை முடிந்து வரும் பிள்ளைக்குக் கையில் புதுப் புத்தகம் கிடைக்கும். அதைப் பிரித்து முகர்ந்து பார்க்காத பிள்ளை இருந்தால் அது நிச்சயம் சளிப் பிடித்த பிள்ளை.

புத்தகம் கைக்கு வந்த அடுத்த வாரமே சிக்கல் ஆரம்பிக்கும். 2025-ல் கணக்கைப் பாருங்கள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது அக்டோபர் 6. தீபாவளி அக்டோபர் 20. நடுவில் சரியாகப் பதினான்கு நாள். அந்தப் பதினான்கு நாளும் பட்டு நெய்யும் ஊருக்கு எப்படிப்பட்ட நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைகளில் சேலை அடுக்கியாக வேண்டும். முதலாளி ஆள் விட்டுக் கேட்பார். தீபாவளிக்குள் சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. கூலி வந்தால்தான் பிள்ளைக்குப் புதுத்துணியும் பட்டாசும். ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற வீட்டில், தங்கள் பிள்ளைக்குத் துணி எடுப்பது பெரும்பாலும் பண்டிகைக்கு முதல் நாள் மாலைதான்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் குறியீட்டின் பெருமை பெட்டியின் மேல் அச்சாகும். பெட்டிக்குள் இருக்கும் சேலைக்கு எத்தனை கைகள் வேலை செய்தன என்பது அச்சாகாது. தறியில் உட்கார்ந்து நாடா எறிபவர் ஒருவர்தான். ஆனால் அவர் உட்காருவதற்கு முன்னால் நூலைச் சுற்ற வேண்டும், பாவு ஓட்ட வேண்டும், விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டி இழை சரிபார்க்க வேண்டும், பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. கூலிச் சீட்டில் இதற்குத் தனியாக வரி கிடையாது.

இதில் தார் சுற்றுவதுதான் பிள்ளையின் கைக்கு முதலில் வந்து சேரும். கஷ்டமான வேலை இல்லை. ராட்டையைச் சுற்றினால் நூல் ஓடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டு. எட்டு வயதில் பழக்கம். பத்து வயதில், ‘நீ சுத்துனாத்தான் சீரா வருது கண்ணு’ என்று அம்மா சொல்லிவிட்டால், அது வேலை.

கோர்வைச் சேலை என்றால் இன்னும் ஒரு சங்கடம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழை இழையாகக் கோர்த்து நெய்ய வேண்டும். கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, மறு கரைக்கு ஒரு நாடா என்று மூன்று நாடா ஓடும். நெய்பவர் ஒருவரால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்க ஒத்தாசைக்கு ஆள் வேண்டும். அந்த ஓரத்து இடம் பல தலைமுறையாகப் பிள்ளைகளின் இடமாகத்தான் இருந்தது. முகூர்த்தப் பட்டின் அகலக் கரையைப் பார்த்து மயங்கும் நமக்கு அந்தக் கரையோரம் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற யோசனை வந்ததில்லை.

இப்போது பள்ளிக்கு வருவோம். நெசவுத் தெருவில் வேலை பார்க்கும் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இந்த உரையாடலை மனப்பாடமாகச் சொல்வார்.

‘‘ஏம்மா, பாப்பா ரெண்டு நாளா வரலையே?’’

‘‘லேசா காய்ச்சல் டீச்சர்.’’

‘‘இப்ப எப்படியிருக்கு?’’

‘‘இன்னும் ரெண்டே நாளு டீச்சர். சேலை அறுத்ததும் அனுப்பிடறேன்.’’

காய்ச்சலுக்கும் சேலை அறுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று டீச்சர் கேட்கமாட்டார். கேட்டால் அடுத்த முறை கதவு திறக்காது. ‘‘சரிம்மா, நாளைக்குக் காலையில சாப்பாட்டுக்காவது அனுப்புங்க’’ என்று சொல்லிவிட்டு நகர்வார். அந்த ‘சாப்பாட்டுக்காவது’ என்ற சொல்லில் ஒரு தந்திரம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அந்த அம்மா பிள்ளையின் படிப்பை வெறுப்பவர் இல்லை. பல வீடுகளில் நிலைமை நேர் எதிர். ‘இந்தக் குழியில நாங்க உட்கார்ந்தது போதும், எம்புள்ள உட்காரக்கூடாது’ என்பதுதான் நெசவாளர் வீடுகளில் அதிகம் கேட்கும் வாக்கியம். அதற்காகவே சக்திக்கு மீறிக் கடன் வாங்கி வேன் வைத்த தனியார் பள்ளிக்கு அனுப்புபவர்களும் உண்டு. ஆனால் ஆசை வருடக் கணக்கில் யோசிக்கும், சேலை நாள் கணக்கில் கேட்கும். வருடத்துக்கும் நாளுக்கும் போட்டி வந்தால் பெரும்பாலும் நாள்தான் ஜெயிக்கிறது.

‘இரண்டு நாள் போனால் என்ன, பத்தாம் வகுப்பா?’ என்று படித்தவர்களே கேட்பதுண்டு. கேள்வி நியாயமாகத்தான் தெரியும். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள் என்கிறது. இருநூறில் இரண்டு போனால் ஒரு சதவீதம். ஆனால் ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் படிப்பு ஏணிப்படி மாதிரி. திங்கட்கிழமை ‘கடன் வாங்கிக் கழித்தல்’ ஆரம்பித்து வியாழக்கிழமை முடிந்துவிட்டது என்றால், வெள்ளிக்கிழமை வந்து உட்காரும் பிள்ளைக்கு அப்புறம் வரும் எந்தக் கழித்தலும் புரியாது. எழுந்து கேட்கவும் தெரியாது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதும். பார்த்து எழுதுவது பழகிவிட்டால் நான்காம் வகுப்பு வரைக்கும் யாருக்கும் தெரியாமலே ஓட்டிவிடலாம்.

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்திவிடும் பிள்ளைகள் அரசுக் கணக்கில் மிகக் குறைவு. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் கணக்கு, பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்கிற கணக்கு. பெயர் இருந்து, பிள்ளை அடிக்கடி இல்லாமல் இருந்து, வந்த நாளிலும் தூங்கி வழிந்தால், அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. இன்றைக்கு நெசவு ஊர்களில் படிப்பு கைவிட்டுப் போவது இப்படித்தான், சத்தமில்லாமல், இரண்டிரண்டு நாளாக.

முன்பு நிலைமை இப்படிச் சத்தமில்லாமல் இருக்கவில்லை. 1953-ல் ராஜாஜி ஆட்சியில் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றது. நெசவாளி பிள்ளைக்குத் தறி, குயவர் பிள்ளைக்குச் சக்கரம். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி மாநிலமே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. திட்டம் போனது. ஆனால் அரைநாள் பள்ளி, அரைநாள் தறி என்ற பழக்கம் வீட்டுக்குள் தங்கிவிட்டது. அதை எந்த அரசாணையாலும் ரத்து செய்ய முடியவில்லை.

அதைவிட மோசமான காலமும் இருந்தது. கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு என்று தறி முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். அது அடைபடும் வரை பிள்ளை அந்தத் தறியில் வேலை பார்க்கும். கூலி கடனுக்குப் போகும், கடன் வட்டிக்குப் போகும், பிள்ளை வளர்ந்துவிடும். 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியாவின் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. கர்நாடகத்தின் நூற்பு ஆலைகளும் வாரணாசியின் தறிகளும் அதில் இருந்தன. நம் காஞ்சிபுரமும் இருந்தது. ஆரணியிலிருந்து காஞ்சிபுரம் ஒன்றும் வெகு தூரமில்லை.

இப்போது சட்டம் கடுமையானது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் பிள்ளை ஒத்தாசை செய்யலாம்.

படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்குக் கடையில் உதவி செய்யாத பிள்ளை எங்கே இருக்கிறது? ஆனால் நூல் முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது, டிசைன் முதலாளியுடையது, சேலையும் முதலாளியுடையது. தறி மட்டும் வீட்டுக்குள் இருக்கிறது. இதைக் குடும்பத் தொழில் என்பதா, கூலி வேலை என்பதா? ‘பள்ளி நேரம் முடிந்த பிறகு’ என்றால் இரவு எட்டு மணியா, பத்து மணியா? பள்ளிக்கு வந்த பிள்ளை இரண்டாவது மணிக்கே மேசையில் கவிழ்ந்தால், முந்தின இரவு எத்தனை தார் சுற்றியது என்று எந்த அதிகாரி போய்க் கேட்பது? ஆசிரியர்தான் கேட்க வேண்டும். அதையும் அதட்டாமல் கேட்க வேண்டும். (வேற்று ஆள் பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பது தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பேசலாம்.)

அந்தச் சாப்பாட்டுத் தந்திரத்துக்கு இப்போது வரலாம்.

நெசவு வீட்டில் வெயில் ஏறுவதற்குள் வேலையை ஆரம்பிப்பது வழக்கம். ஆறு மணிக்கே குழியில் கால் இறங்கிவிட்டால், அடுப்பு பற்றுவது ஒன்பது மணிக்கு. பிள்ளை ராத்திரிப் பழையதைக் குடித்துவிட்டோ, டீயில் பன்னை நனைத்துத் தின்றுவிட்டோ போகும். அல்லது ‘சாப்பிட்டுட்டுப் போ, சாப்பிட்டுட்டுப் போ’ என்பதிலேயே நேரமாகி, நேரமானதால் போகாமல் நின்றுவிடும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புறத்தில் உள்ளவற்றுக்கு 2025 ஆகஸ்டிலும் நீட்டித்தார்கள். மதிய உணவு 1956-லிருந்து நமக்குப் பழக்கம். அது பள்ளிக்கு வந்த பிள்ளையை மாலை வரை உட்கார வைக்கும். காலை உணவு செய்வது வேறு வேலை. அது வீட்டு வாசலிலேயே தயங்கி நிற்கும் பிள்ளையைக் கிளப்புகிறது. எட்டரை மணிக்குப் பொங்கலோ கிச்சடியோ சூடாக இருக்கும் என்று தெரிந்தால், தாமதமாக எழும் பிள்ளையும் எட்டேகாலுக்குச் சட்டையை மாட்டிக்கொள்ளும். அதைக் கூடவே சாப்பிடும் சிநேகிதர்களின் கூட்டமும் இழுக்கும். அம்மாவுக்கும் ஒரு நிம்மதி; இன்னும் ஒரு மணி நேரம் தறியில் உட்காரலாம். பிள்ளையும் தறியும் இருவருக்கும் லாபமாக ஒரு கணக்கில் உடன்பட்டது அநேகமாக இதுதான் முதல் தடவை.

இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களுடைய பிள்ளை அதே தொடக்கப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. தன் பிள்ளை தட்டிலும் விழப்போகும் கிச்சடியில் யாரும் உப்பை மறக்கமாட்டார்கள். அதோடு, தெருவில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இன்று எழவே இல்லை என்பது தலைமை ஆசிரியருக்கு முன்னால் இவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ‘‘ஏன்டி, உன் பையன் எங்க?’’ என்று உரிமையோடு கேட்க ஆசிரியரால் முடியாது. பக்கத்து வீட்டு அக்காவால் முடியும்.

தீபாவளி முடிந்தால் அமளி அடங்கும் என்று நினைத்தால், மழை வந்துவிடும். வடகிழக்குப் பருவமழையும் இரண்டாம் பருவமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து போகிற இரட்டைப் பிள்ளைகள். மழை நாளில் பிள்ளைகளின் காது முழுக்கக் கலெக்டர் அறிவிப்பின் மேல் இருக்கும். காலை ஆறு மணிக்கே வாட்ஸ்அப்பில் ‘இன்று விடுமுறை’ என்று சுற்ற ஆரம்பிக்கும். பார்த்தால் அது போன வருடத்து அறிவிப்பு, அல்லது பக்கத்து மாவட்டத்து அறிவிப்பு. அதை அனுப்பியது சில வேளை ஐந்தாம் வகுப்பிலேயே இருக்கும்.

நெசவாளிக்கு மழை விளையாட்டில்லை. பல வீடுகளில் குழித்தறி. கமண்டல நாக நதியில் தண்ணீர் வந்து நிலம் ஊறிவிட்டால் குழிக்குள் தானாகவே நீர் கசியும். கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நின்றால் மிதிப்பது எப்படி? காற்றில் ஈரம் ஏறினால் நூல் கனக்கும், இழை ஒட்டும். தெருவில் பாவு நீட்டவே முடியாது. வேலை நிற்கும், கூலி நிற்கும். தீபாவளிக்கு வாங்கிய கடன் மட்டும் நனையாமல் அப்படியே இருக்கும். வேலை இருந்தால் பிள்ளை தறியோரம். வேலை இல்லாவிட்டால் வீட்டில் சண்டையும் கவலையும். இரண்டிலும் பிள்ளைக்குச் சிரமம்தான். நவம்பரில் வகுப்பில் காரணமில்லாமல் அழும் பிள்ளையிடம் ‘ஏன் அழறே?’ என்று உடனே கேட்காமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும் டீச்சர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தது இல்லை.

2024-ல் மழை வேறு முகம் காட்டியது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். மாவட்டத்தின் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது பிள்ளைகள் ஆசிரியர்களிடம் கேட்ட கேள்விகளுக்குப் பாடப் புத்தகத்தில் பதில் இருந்திருக்காது. அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் மழை விடுமுறையைக் கேலி செய்யும் பெரியவர்கள் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பள்ளியில் பாடம் நடக்கிறது என்பதுதான் ஆச்சரியம். கொரோனாவால் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்று திறந்தன. அதுவும் ஓர் இரண்டாம் பருவம்தான். இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளை பள்ளிக்கூடத்தையே முதல் முறையாக அன்றுதான் பார்த்தது. அந்த இழப்பை ஈடுகட்ட 2022 ஜூன் 13 அன்று ஆரம்பித்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வைத்தார்கள். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொடுப்பது. தீபாவளி வாரத்தில் நான்கு நாள் தவறிய பிள்ளைக்கு இது பெரிய உதவி. விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஆசிரியர் வேண்டும். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்து உட்கார வைத்து, நடுநடுவே கைப்பேசிச் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால் அரும்பு அரும்பாகவே இருக்கும்.

ஆரணிக்கு இன்னொரு தனித்தன்மை. இங்குள்ள நெசவாளர்களில் சௌராஷ்டிரர்கள் கணிசம். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம் என்று ஐந்து வயதிலேயே மூன்று மொழிக்குள் நடமாடும் பிள்ளைகள் உண்டு. ‘பேச்சு வரலை, மந்தம்’ என்று அவசரப்பட்டு முத்திரை குத்தப்படும் பிள்ளை, வீட்டுத் திண்ணையில் சௌராஷ்டிரத்தில் வாயாடுவதை ஒரு நாள் போய்ப் பார்த்தால் தெரியும்.

கணக்கும் அப்படித்தான். கரும்பலகையில் ‘ஆறேகால் மூணு எத்தனை?’ என்று கேட்டால் விழிக்கும் பிள்ளையிடம், ‘ஒரு சேலை ஆறேகால் மீட்டர்னா மூணு சேலைக்கு எத்தனை மீட்டர் பாவு வேணும்?’ என்று கேட்டால், பதினெட்டே முக்கால் என்று டக்கென்று வந்துவிடும். தறிக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ஓட்டை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது என்று தெரியும். அது கணினியின் ஒன்று, பூஜ்யம்தான். 1804-ல் பிரான்ஸின் பட்டு நகரமான லியோனில் ஜக்கார்டு அந்த அட்டை முறையைக் கொண்டுவந்தார். பின்னாளில் கணக்கிடும் இயந்திரத்துக்குத் திட்டம் போட்ட சார்லஸ் பாபேஜ் அதே துளை அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அதுவரை லியோன் தறிகளில் பூவேலைக்கு இழைக் கயிறுகளை இழுத்துக் கொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் யார் தெரியுமா? பிள்ளைகள்தான்.

நவம்பர் 14-க்கு முன்னும் பின்னும் பள்ளியில் ஒரே ஆட்டம் பாட்டம். கலைத் திருவிழா இப்போது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நடக்கிறது. மாறுவேடத்தில் பாரதியார் நான்கு பேர், வேலு நாச்சியார் இரண்டு பேர், நேரு ஒருவர் என்று வகுப்பு நிறைந்துவிடும். ஒத்திகை நாளில் மட்டும் வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையும் தவறுவதில்லை. காய்ச்சல்கூட அன்று வராது. இதைக் கவனித்த சில ஆசிரியர்கள் ஒத்திகையைத் தீபாவளிக்கு முந்தின வாரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். இதுவும் சாப்பாட்டுத் தந்திரம் மாதிரிதான். பாவம், அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பெற்றோருக்கு நேரமில்லை.

மழை விட்ட ஒரு சனிக்கிழமையில் சுற்றுலா என்றால், இந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு மிக அருகில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. ஆரணியிலிருந்து போளூர் போகும் சாலையில், வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்தில் திருமலை. ஏழுமலையான் திருமலை இல்லை, சமணர் திருமலை. ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை பெயரால் விளங்கும் ஜினாலயம் அங்கே இருக்கிறது. மலைமேல் பாறையிலேயே செதுக்கிய நேமிநாதர் பதினாறு அடிக்கு மேல் உயரம். ராஜேந்திர சோழனின் படை கங்கை வரை போன கதையைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டும் அங்கேதான். அத்தனை பெரிய போர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, அந்தக் கல்வெட்டு முடிவது ஒரு வணிகரின் மனைவி அந்தக் கோயிலுக்கு விளக்கு வைத்த செய்தியில். மன்னன் வென்ற ஊர்ப் பெயர்களை ஒப்பிக்க வைப்பதைவிட, அந்தப் பெண் விளக்கு வைத்ததைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தின ஊர் கண்ணுக்குத் தெரியும்.

சமண முனிவர்கள் தங்கிய இடத்தை அந்தக் காலத்தில் பள்ளி என்றார்கள். அங்கே அவர்கள் பாடமும் சொன்னார்கள். நாம் பிள்ளைகளை அனுப்பும் இடத்துக்குப் பெயர் அந்த வழியாக வந்தது என்பார்கள். பாறை நிழலில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொன்னால், ‘அப்ப அவங்களுக்கும் வீட்டுப்பாடம் உண்டா?’ என்று கேட்கும். 

கார்த்திகை தீபத்தன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. பிறகு ஒரு சனிக்கிழமை அதற்கு ஈடு. அதற்குள் அரையாண்டுத் தேர்வு அட்டவணை வந்துவிடும். ஆசிரியர்கள் அப்போதுதான் பதிவேட்டை முன்னிருந்து பின்னாகப் புரட்டுவார்கள். அக்டோபர் பக்கத்தில் ஒரே பெயருக்கு நேராக வரிசையாகச் சில கட்டங்கள் வந்திருக்கும். நவம்பரில் விட்டுவிட்டு. டிசம்பரில் அநேகமாக இல்லை. அந்தப் பெயரை ஒரு காகிதத்தில் தனியாக எழுதிவைத்து, மதிய இடைவேளையில் பத்து நிமிடம் கூப்பிட்டு உட்கார வைத்தால், கடன் வாங்கிக் கழித்தல் ஒரு வாரத்தில் வந்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பிள்ளையின் அம்மாவே உறுப்பினராக உட்கார்ந்திருந்தால் இன்னும் சுலபம். குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான். கூட்டத்தைப் பகல் பதினோரு மணிக்கு வைத்துவிட்டு, தறியை விட்டு யாரும் வரவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை. சேலை அறுத்துக் கொடுத்த மறுநாள், மாலை ஐந்து மணிக்கு வைத்தால் வருவார்கள்.

தேர்வு முடிந்து, விடுமுறை முடிந்து, ஜனவரியில் பள்ளி திறக்கும்போது மூன்றாம் பருவப் புத்தகம் தயாராக இருக்கும். அதற்குள் மழையும் நின்று தறிக்குழி காய்ந்திருக்கும். இரண்டு வாரத்தில் பொங்கல். தை பிறந்தால் கல்யாண முகூர்த்தம். முகூர்த்தப் பட்டுக்கு அகலக் கரை கேட்டு ஆர்டர் வரும்.